லாக் செக்கர் "மூடியது" என்கிறது, ஹார்டுவேர் "திறந்தது" என்கிறது: இன்டரப்ட் நிலை எங்கே பிசகுகிறது?

#1 கயல்மாறன்

வணக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிவரும் சிறிய கெர்னலில், லினக்ஸின் லாக்டெப்பை (லாக் பயன்பாட்டில் பிழை உண்டா என்று ஓடும்போதே சரிபார்க்கும் பகுதி) முன்மாதிரியாக வைத்து ஒரு லாக் செக்கர் சேர்த்திருக்கிறோம். லாக்குகளை வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகையும் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் (டிவைஸ் குறுக்கிட்டு அழைக்கும்போது ஓடும் கோட்) எடுக்கப்பட்டதா, இன்டரப்ட் திறந்திருக்கும்போது (அதாவது குறுக்கீடு வர அனுமதி இருக்கும்போது) எடுக்கப்பட்டதா என்று குறித்துக்கொள்ளும். ஒரே வகைக்கு இரண்டும் நடந்திருந்தால் எச்சரிக்கும். நிஜமான டெட்லாக் (லாக்குக்காகக் காத்தே சிஸ்டம் நின்றுவிடுவது) சிலவற்றை இது முன்கூட்டியே பிடித்துக் கொடுத்திருக்கிறது, அதனால் இதை விட்டுவிட மனமில்லை.

இப்போது வந்திருக்கும் சிக்கல் இது. விர்ச்சுவல் மெஷினில் ஒன்றுக்கு மேற்பட்ட சிபியு கொடுத்து, பாரம் ஏற்றி ஓடவிட்டால், எங்காவது ஒரு சாதாரண ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சிபியு சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்) எடுக்கும் இடத்தில் வந்து நிற்கிறது. பதிவைத் தமிழாக்கிப் போடுகிறேன்:

எச்சரிக்கை: இன்டரப்ட் நிலை பொருந்தவில்லை
ஹார்டுவேர்: திறந்தது
செக்கர் கணக்கு: மூடியது
ஊகம்: குறிக்காமல் யாரோ திறந்திருக்கிறார்கள்
கடைசியாகத் திறந்தது (நிகழ்வு 48210): ஸ்பின்_அன்லாக்_ரீஸ்டோர்
கடைசியாக மூடியது (நிகழ்வு 48211): பிவி_வெயிட்
செக்கர் நிறுத்தப்பட்டது

நேரடி ஹார்டுவேரில் இது வருவதே இல்லை. எச்சரிக்கை வரும் இடமும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது: ஒருமுறை டைமர், ஒருமுறை ஃபைல் சிஸ்டம், ஒருமுறை நெட்வொர்க் வரிசை. அந்த இடங்களில் உள்ள கோடை வரி வரியாகப் பார்த்தாயிற்று, எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது.

ஒரு தகவல். அண்மையில் என்எம்ஐ (மூட முடியாத இன்டரப்ட்) ஆதரவுக்காக செக்கரில் ஒரு மாற்றம் செய்தோம். செக்கர் தன் சொந்த வேலையில் இருக்கும்போது இன்டரப்ட் ஹூக்குகள் (திறப்பதையும் மூடுவதையும் செக்கருக்குச் சொல்லும் ஃபங்ஷன்கள்) எதுவும் செய்யாமல் திரும்பிவிடும்படி முன்பு ஒரு தடுப்பு இருந்தது. அதை எடுத்துவிட்டு, எந்நேரமும் நிலையைக் குறிக்கும்படி மாற்றினோம். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?


#2 விசைமணி

எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. இன்டரப்ட் திறந்திருக்கா மூடியிருக்கான்னு சிபியுவோட ஃப்ளாக்லயே இருக்கு. லாக் எடுக்கும்போது அதைப் படிச்சுட்டா போச்சு. எதுக்குத் தனியா ஒரு கணக்கு வெச்சு, அது ஹார்டுவேரோட ஒத்துப்போகலன்னு கஷ்டப்படணும்? ரெண்டு இடத்துல ஒரே உண்மையை வெச்சா என்னைக்காவது ஒரு நாள் விலகத்தானே செய்யும்?


#3 தாமரைச்செல்வி

விசைமணியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

லாக் எடுக்கும் கணத்தில் ஃப்ளாகைப் படித்தால் பாதி விஷயம்தான் தெரியும். இன்டரப்டை மூடிவிட்டு ஒரு லாக்கை எடுக்கிறோம் என்று வையுங்கள். அந்தக் கணத்தில் ஃப்ளாக் "மூடியது" என்கிறது, எல்லாம் சரி. லாக்கை விடாமலே நாலு ஃபங்ஷன் உள்ளே போகிறோம். அங்கே யாரோ ஒருவர் சேவ்/ரீஸ்டோர் (பழைய நிலையைச் சேமித்து மூடி, பின் அதையே மீட்பது) போடாமல் நேரடியாக மூடு/திற என்று எழுதியிருக்கிறார். அவர் திறந்த அந்த நொடியில், நம் கையில் இருக்கும் லாக் இன்டரப்டுக்கு வெளிப்பட்டுவிட்டது. ஹேண்ட்லர் வந்து அதே லாக்கைக் கேட்டால் அந்த சிபியு அங்கேயே நின்றுவிடும். இந்தக் கேஸை லாக் எடுக்கும் இடத்தில் பிடிக்கவே முடியாது, திறக்கும் நிகழ்வில்தான் பிடிக்க முடியும். லாக்டெப் செய்வதும் அதுதான்: திறக்கும் ஹூக் ஓடும்போது, அந்த டாஸ்க் பிடித்திருக்கும் லாக்குகள் ஒவ்வொன்றையும் சுற்றிவந்து "இன்டரப்ட் திறந்த நிலையில் பிடிக்கப்பட்டது" என்று குறிக்கும். 2006-இல் 2.6.18 கெர்னலில் இங்கோ மோல்னார் லாக்டெப்பைக் கொண்டுவந்தபோதே இந்தத் தடமறிதலும் கூடவே வந்தது.

இன்னொன்று, ஹார்டுவேர் ஃப்ளாக் என்பது எல்லா மெஷினிலும் ஒரே பொருள் தருவதில்லை. 64-பிட் பவர்பிசியில் கெர்னல் "மூடு" என்றால் பெரும்பாலும் நினைவில் ஒரு குறி மாறுவதோடு சரி, சிபியுவின் பிட் திறந்தேதான் இருக்கும். இன்டரப்ட் வந்த பிறகுதான் அது நிஜமாக மூடப்படும். ஸென் ஹைபர்வைசரின் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) பாராவிர்ச்சுவல் விருந்தாளியிலும் (தான் விர்ச்சுவல் மெஷினில் ஓடுவதை அறிந்த கெர்னல்) மூடல் என்பது பகிர்ந்த நினைவில் இருக்கும் ஒரு பைட்.

இரண்டு இடத்தில் வைத்தால் விலகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விலகலே பயனுள்ளது. லாக்டெப்பில் அதன் சொந்தச் சரிபார்ப்பை இயக்கினால், லாக் எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். "குறிக்காமல் மூடியது", "குறிக்காமல் திறந்தது" என்ற இரு செய்திகளும் அங்கிருந்து வருபவை.

இப்போது கயல்மாறனுடைய பதிவுக்கு வருவோம். எச்சரிக்கை வந்த இடத்தைப் பார்த்துப் பயனில்லை. ஏற்கெனவே கெட்டுப்போன கணக்கை முதலில் கவனித்த இடம் அது, அவ்வளவுதான். நிகழ்வு எண்களைப் பாருங்கள். கடைசி மூடல் 48211, பிவி_வெயிட். அதற்குப் பிறகு திறந்ததாகப் பதிவே இல்லை, ஆனால் ஹார்டுவேர் திறந்திருக்கிறது. ஆக, அதன்பின் யாரோ ட்ரேஸ் இல்லாத, அதாவது கணக்கில் குறிக்காத, ரா வகை ஃபங்ஷனால் திறந்திருக்கிறார்கள். பிவி_வெயிட்டை அழைத்தது யார், உங்கள் சேவ்/ரீஸ்டோர் மேக்ரோ எப்படி இருக்கிறது, இரண்டையும் போடுங்கள்.


#4 கயல்மாறன்

நன்றி அக்கா. பிவி_வெயிட் வரைக்குமான அழைப்பு வரிசை, கீழிருந்து மேல்:

பிவி_வெயிட்
ஆர்ச்_ஸ்பின்_லாக் (செக்கரின் உள் கிராஃப் லாக்)
செக்கர்_லாக்_அக்வயர்
ஸ்பின்_லாக்

செக்கர்_லாக்_அக்வயர் நுழைந்ததும் ரா சேவ் போடும், வெளியேறும்போது ரா ரீஸ்டோர். செக்கர் தன்னைத்தானே ட்ரேஸ் செய்யக்கூடாது என்பதால் ரா. பிவி_வெயிட்டில் (லாக் கிடைக்கும்வரை விர்ச்சுவல் சிபியுவைத் தூங்கவைக்கும் ஃபங்ஷன்) இருப்பது சாதா, அதாவது கணக்கில் குறிக்கும், சேவ்/ரீஸ்டோர்.

மேக்ரோ:

சாதா சேவ்:
   ரா சேவ்
   கணக்கில் "மூடியது" எனக் குறி

சாதா ரீஸ்டோர்:
   சேமித்த ஃப்ளாக் "மூடியது" என்றால்: ரா ரீஸ்டோர், பின் "மூடியது" எனக் குறி
   இல்லையென்றால்: "திறந்தது" எனக் குறி, பின் ரா ரீஸ்டோர்


#5 தாமரைச்செல்வி

கிடைத்துவிட்டது. படிப்படியாக ஓட்டிப் பாருங்கள், தொடக்கத்தில் இரண்டுமே "திறந்தது":

செக்கர் நுழைகிறது, ரா சேவ்: ஹார்டுவேர் மூடியது, கணக்கு திறந்தது.
கிராஃப் லாக் வேறு சிபியு கையில், பிவி_வெயிட்டுக்குள் சாதா சேவ்: ஹார்டுவேர் மூடியது, கணக்கு மூடியது.
சாதா ரீஸ்டோர், சேமித்த ஃப்ளாக் "மூடியது": ஹார்டுவேர் மூடியது, கணக்கு மூடியது.
செக்கர் வெளியேறுகிறது, ரா ரீஸ்டோர்: ஹார்டுவேர் திறந்தது, கணக்கு மூடியது.

கடைசி வரிதான் உங்கள் எச்சரிக்கை. உள்ளே இருந்த சாதா சேவ் கணக்கை மாற்றியது. அதை மீட்க வேண்டிய சாதா ரீஸ்டோர், தான் ஹார்டுவேரைத் திறக்கவில்லை என்பதால் கணக்கையும் திறக்கவில்லை. நிஜமாகத் திறந்தது ரா, அது கணக்கைத் தொடாது.

நேரடி ஹார்டுவேரில் வராததற்குக் காரணம், அங்கே லாக் கிடைக்காத சிபியு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். விர்ச்சுவல் மெஷினில்தான் சுற்றாமல் ஹைபர்வைசரிடம் சிபியுவைக் கொடுத்துவிட்டுத் தூங்கும் பாதை உண்டு. ஒரே சிபியு என்றால் போட்டியே இல்லை, பாரம் குறைவென்றால் போட்டி அரிது. நீங்கள் சொன்ன எல்லா அறிகுறியும் இதோடு பொருந்துகிறது.

நீங்கள் எடுத்த அந்தத் தடுப்புக்கும் தொடர்பு உண்டு. முன்பு செக்கருக்குள் இருக்கும்போது ஹூக் பேசாமல் திரும்பியதால் உள் சேவ் கணக்கைத் தொடவில்லை. பிழை அப்போதும் இருந்தது, மறைந்திருந்தது. லினக்ஸிலும் 2020-இல் 5.9 உருவானபோது இதே வரிசையில் நடந்தது. என்எம்ஐக்குள்ளும் நிலையைச் சரியாகத் தொடர வேண்டும் என்று தடுப்பைத் தளர்த்தினார்கள், உடனே லாக்டெப்பின் உள் லாக், கேவிஎம் (லினக்ஸின் விர்ச்சுவல் மெஷின் வசதி) காத்திருப்பு ஃபங்ஷன் வழியாக இந்த முரண் வெளியே வந்தது. ஆகவே தடுப்பைத் திரும்பப் போட்டு மூடி மறைக்காதீர்கள். மேக்ரோவைத்தான் மாற்ற வேண்டும்.


#6 விசைமணி

தாமரை அக்கா சொன்னது புரிஞ்சுது, என் கேள்வியை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா மேக்ரோவை ஏன் தொடணும்? பிவி_வெயிட்டையும் ரா சேவ்/ரா ரீஸ்டோர்னு மாத்திட்டா வேலை முடிஞ்சுதே. ரெண்டே வரி.


#7 நள்ளிரவு நிரலர்

அல்லது எதிர்த்திசையில்: ரா ஃபங்ஷனே கணக்கைக் குறித்துவிட்டால்? அப்போது விலகலே வராது.


#8 தாமரைச்செல்வி

இரண்டுமே லினக்ஸில் எடைபோடப்பட்ட வழிகள்தான். இரண்டையும் ஏன் விட்டார்கள் என்பதைப் பார்த்தால் சரியான வழி தானாகவே தெரியும்.

ராவே குறிப்பது: ரா என்று தனியாக ஒன்று இருப்பதே ட்ரேஸ் வேண்டாம் என்பதற்காக. செக்கரின் உள்ளே, ட்ரேஸரின் உள்ளே, நுழைவுக் கோடின் முதல் சில வரிகளில், ஹூக் ஓடினாலே ஆபத்து. அங்கே ரா குறிக்க ஆரம்பித்தால் அடுத்த மாதம் "ரா ரா" என்று ஒன்று எழுத வேண்டிவரும்.

பிவி_வெயிட்டை ராவாக்குவது: இன்று இரண்டு வரிதான். ஆனால் பிவி_வெயிட் வேறொன்றை அழைத்தால் அதையும் ராவாக்க வேண்டும். அது அழைப்பதையும். ஒரே ஒரு ரா அழைப்பாளருக்காக அந்த ஃபங்ஷன்களை அழைக்கும் மற்ற எல்லோருக்கும் சரிபார்ப்பு போய்விடும். லினக்ஸில் இதே முரண் குளோபல் ட்ரேஸ் கடிகாரத்திலும் இருந்தது. அங்கங்கே தேடித் தேடி ராவாக்கிக்கொண்டே போனால் செக்கரின் பார்வை ஓட்டையாகிவிடும்.

தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி: எட்ஜை மட்டும் குறி. ஹார்டுவேர் நிஜமாக ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் மட்டுமே கணக்கு மாற வேண்டும்.

சாதா சேவ்:
   ரா சேவ்
   சேமித்த ஃப்ளாக் "திறந்தது" என்றால் மட்டும்: "மூடியது" எனக் குறி

சாதா ரீஸ்டோர்:
   சேமித்த ஃப்ளாக் "திறந்தது" என்றால் மட்டும்: "திறந்தது" எனக் குறி
   ரா ரீஸ்டோர்

சாதா மூடு:
   இப்போதைய ஹார்டுவேர் நிலையைப் படி
   ரா மூடு
   முன்பு திறந்திருந்தால் மட்டும்: "மூடியது" எனக் குறி

இப்போது பழைய வரிசையை ஓட்டுங்கள். உள் சேவ் வரும்போது ஹார்டுவேர் ஏற்கெனவே மூடியது, எட்ஜ் இல்லை, கணக்கு தொடப்படவில்லை. வெளியே ரா திறக்கும்போது கணக்கு "திறந்தது" என்றே இருக்கிறது. பொருந்திவிட்டது. உங்கள் பழைய ரீஸ்டோரில் "மூடியது" கிளையில் ஒரு குறி இருந்ததே, அதற்கு இனி வேலையே இல்லை. மூடியதிலிருந்து மூடியதற்கு மீட்பதில் எந்த மாற்றமும் இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. ரா சேவுக்கு உள்ளே சாதா சேவ் போட்டு, "இன்டரப்ட் மூடியிருக்க வேண்டும்" என்று செக்கர் கணக்கை வைத்து அசெர்ட் (நிபந்தனை சரியா என்ற சோதனை) செய்தால், ஹார்டுவேர் மூடியிருந்தும் அசெர்ட் விழும். அப்படி எழுதப்பட்ட கோடே தவறு என்று லினக்ஸில் அறிவித்துவிட்டார்கள். நீங்களும் அதையே உங்கள் விதிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். ரா பகுதிக்குள் செக்கர் பார்க்கும் லாக்கை எடுப்பதும் அதே காரணத்தால் கூடாது.


#9 நள்ளிரவு நிரலர்

ஒரு சந்தேகம். மூடும்போது ஹார்டுவேரை மூடிவிட்டுக் குறிக்கிறீர்கள். திறக்கும்போது குறித்துவிட்டு ஹார்டுவேரைத் திறக்கிறீர்கள். வரிசை ஏன் தலைகீழ்? இரண்டு வரிக்கு நடுவில் கணக்கு எப்படியும் பொய்தானே?


#10 தாமரைச்செல்வி

நடுவில் கணக்கு பொய்யாக இருக்கும், ஆனால் அதை யாரும் பார்க்க முடியாத இடத்தில் இருக்கும். குறிக்கும் வேலை இரு திசையிலும் இன்டரப்ட் மூடியிருக்கும் பக்கத்தில்தான் நடக்க வேண்டும்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும் பாருங்கள். ஹார்டுவேரைத் திறந்துவிட்டீர்கள், இன்னும் குறிக்கவில்லை. அந்த இடைவெளியில் டைமர் இன்டரப்ட் வருகிறது. பிடித்திருக்கும் லாக்குகள் இன்னும் "திறந்த நிலையில் பிடிக்கப்பட்டது" என்று குறிக்கப்படவில்லை, ஹேண்ட்லர் அதே லாக்கைக் கேட்டால் செக்கர் வாய் திறக்கும் முன்பே மெஷின் நின்றுவிடும். அதைவிட நுட்பமானது, திரும்பும்போது ஷெட்யூலர் உங்கள் டாஸ்கை இறக்கிவிட்டு வேறு சிபியுவில் ஏற்றலாம். பிறகு நீங்கள் "திறந்தது" என்று எழுதுவது எந்த சிபியுவின் கணக்கில்?

கயல்மாறன், உங்கள் கணக்கு டாஸ்கில் இருக்கிறதா, பெர்-சிபியு மாறியிலா (ஒவ்வொரு சிபியுவுக்கும் தனிப் பிரதி)?


#11 கயல்மாறன்

டாஸ்க் ஸ்ட்ரக்சரில் இருக்கிறது. பெர்-சிபியுவுக்கு மாற்ற வேண்டுமா? டாஸ்க் சிபியு மாறும்போது கணக்கையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டாமா என்று தயங்கி அப்படியே விட்டிருக்கிறோம்.


#12 தாமரைச்செல்வி

தூக்கிப்போக வேண்டியதில்லை. டாஸ்க் மாற்றம் எப்போதும் இன்டரப்ட் மூடிய நிலையில்தான் நடக்கிறது. இறங்கும் டாஸ்குக்கும் ஏறும் டாஸ்குக்கும் அந்தக் கணத்தில் கணக்கு ஒன்றே: மூடியது. அதனால் அந்த மாறி சிபியுவோடு தங்கிவிட்டால் போதும். இன்டரப்ட் மூடல் என்பதே சிபியுவின் குணம்தானே, டாஸ்கின் குணம் இல்லை.

லினக்ஸிலும் 5.9 வரை டாஸ்க் ஸ்ட்ரக்சரில்தான் இருந்தது. பீட்டர் சைல்ஸ்ட்ரா அதைப் பெர்-சிபியுவுக்கு மாற்றியதற்கு உடனடிக் காரணம் ஹெடர் ஃபைல் சிக்கல்: இன்டரப்ட் அசெர்ட்டை எங்கே பயன்படுத்தினாலும் டாஸ்க் ஸ்ட்ரக்சர் முழுவதும் முன்னாலேயே வரையறுக்கப்பட்டிருக்க வேண்டியிருந்தது. சாஃப்ட்இன்டரப்ட் நிலை மட்டும் டாஸ்கிலேயே தங்கியது.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். இங்கே எல்லோரும் வழுக்குவார்கள். மாறியைப் படிக்கும் இடத்தில் இன்டரப்ட் திறந்திருக்கலாம், ப்ரீஎம்ப்ஷன் (டாஸ்கை நடுவில் நிறுத்தி வேறொன்றை ஓட்டுவது) நடக்கலாம். எக்ஸ்86-இல் செக்மென்ட் ரெஜிஸ்டர் வழியாக ஒரே இன்ஸ்ட்ரக்ஷனில் படித்துவிடுவதால் நடுவில் இடைவெளி இல்லை. வேறு மெஷின்களில் முதலில் "என் சிபியுவின் மாறி எங்கே" என்று முகவரி கணக்கிட வேண்டும், பிறகு படிக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் டாஸ்க் சிபியு 0-இலிருந்து சிபியு 1-க்குப் போனால், சிபியு 1-இல் உட்கார்ந்துகொண்டு சிபியு 0-இன் கணக்கைப் படிப்பீர்கள்.

"சிபியு மாற முடிகிறதென்றால் இன்டரப்ட் திறந்திருக்கிறது, ஆக இரண்டு சிபியுவிலும் ஒரே மதிப்புதான் இருக்கும்" என்று ஒரு வாதம் உண்டு. லினக்ஸிலும் அந்த வாதத்தை நம்பிப் பாதுகாப்பில்லாத வகைக்கு மாற்றினார்கள், பிறகு திரும்பப் பெற்றார்கள். நீங்கள் சிபியு 0-ஐ விட்டு வந்த பிறகு அங்கே வேறு டாஸ்க் ஓடுகிறது, அது இன்டரப்டை மூடியிருக்கலாம். நீங்கள் படிக்கும் நேரத்தில் அங்கே இருப்பது அந்த டாஸ்கின் நிலை. ஆகவே படிக்கும் இரு அடிக்கும் நடுவில் ப்ரீஎம்ப்ஷனை மூடும் வகையைப் பயன்படுத்துங்கள், அந்த மூடல் ட்ரேஸ் ஆகாத வகையாகவும் இருக்கட்டும். ட்ரேஸ் ஆனால் செக்கர் தன்னையே அழைத்துக்கொள்ளும்.


#13 இளவெயினி

ஆர்ம்64 (64-பிட் ஆர்ம் சிபியு) பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு, இந்த செக்கர் என்றாவது அங்கே போகும் என்றால். லினக்ஸ் 5.1-இல் வந்த போலி என்எம்ஐ வசதியை இயக்கினால், சாதாரண மூடல் என்பது சிபியுவின் மாஸ்க் பிட்டில் இல்லை, ஜிஐசி இன்டரப்ட் கன்ட்ரோலரின் ப்ரையாரிட்டி மாஸ்க் ரெஜிஸ்டரில் நடக்கும். ஆனால் எக்செப்ஷன் ஒன்று நுழையும்போது சிபியு தானாகவே மாஸ்க் பிட்டை மூடிவிடும். ஆக "ஹார்டுவேர் திறந்திருக்கிறதா" என்ற கேள்விக்கு இரண்டையும் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். எட்ஜ் கண்டுபிடிக்கும் ஃபங்ஷன் ஒன்றை மட்டும் பார்த்தால், தாமரை சொன்ன அழகான மேக்ரோவும் தவறாகக் குறிக்கும்.

என் கேள்வி வேறு. ரா பகுதிக்குள் ப்ரேக்பாயின்ட் எக்செப்ஷன் வந்தால்? நுழையும்போது கணக்கை "மூடியது" என்று வைக்கிறோம். திரும்பும்போது, சேமித்த ரெஜிஸ்டரில் இன்டரப்ட் மூடியிருந்தது என்று பார்த்து, கணக்கைத் திறக்காமல் விடுகிறோம். ஆனால் ரா பகுதியில் கணக்கு "திறந்தது" என்றல்லவா இருந்தது? பழைய பிழை வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டதே.


#14 தாமரைச்செல்வி

சரியான இடத்தைத் தொட்டீர்கள். அதனால்தான் எக்செப்ஷன்களை இரண்டு சாதியாகப் பிரிக்க வேண்டும்.

சாதாரண இன்டரப்ட் வந்தது என்றாலே அந்தக் கணத்தில் ஹார்டுவேர் திறந்திருந்தது என்று பொருள். திறக்கும் முன்பே கணக்கும் குறிக்கப்பட்டுவிட்டது. ஆகவே திரும்பும்போது ரெஜிஸ்டரைப் பார்த்துக் கணக்கைத் திறப்பது பாதுகாப்பானது.

என்எம்ஐ, ப்ரேக்பாயின்ட், மெஷின் செக் போன்றவை அப்படியல்ல. ஹார்டுவேர் மாறிக் கணக்கு மாறாத அந்த இரண்டு வரிக்கு நடுவிலேயே வரக்கூடியவை. இவற்றில் ரெஜிஸ்டரை வைத்து எதையும் ஊகிக்கக்கூடாது. நுழையும்போது கணக்கில் என்ன இருந்ததோ அதைத் தனியாகச் சேமித்துக்கொண்டு, "மூடியது" என வைத்து, திரும்பும்போது சேமித்ததையே அப்படியே திரும்ப வைக்க வேண்டும். கணக்கு அந்தக் கணத்தில் பொய்யாக இருந்தாலும் அதே பொய்யைத் திரும்பக் கொடுக்க வேண்டும், அடுத்த வரி அதைச் சரிசெய்துகொள்ளும். லினக்ஸின் பொதுவான என்எம்ஐ நுழைவுக் கோடு இப்படித்தான் செய்கிறது. ஆர்ம்64-இன் கெர்னல் நிலை டீபக் எக்செப்ஷனையும் 2020-இல் இதே முறைக்கு மாற்றினார்கள்.

யூசர் மோடுக்குத் திரும்பும் பாதையில் இன்னொரு வரிசைச் சிக்கல் இருக்கிறது, கயல்மாறனின் கெர்னலில் ஆர்சியு (லாக் இல்லாமல் தரவைப் படிக்க உதவும் லினக்ஸ் முறை) இருந்தால் மட்டும் பொருந்தும். திறப்பதைக் குறிக்கும்போது லாக்குகளைச் சுற்றிவரும் வேலை ஆர்சியு விழித்திருக்கும்போது நடக்க வேண்டும். ஆனால் "திறந்தது" என்ற கடைசிக் குறி ஆர்சியுவை உறங்கவைத்த பிறகுதான் வர முடியும். அதனால் லினக்ஸ் 5.8-இல் அந்த ஹூக்கை இரண்டாகப் பிளந்தார்கள்: ஆயத்தம் ஒன்று, முடிப்பு ஒன்று. நடுவில் ஆர்சியு மாற்றம். ஐடில் (சிபியு வேலையின்றி இருக்கும்) பாதையிலும் இதே தலைவலி இருந்தது. 2023-இல் 6.3-இல், ஐடில் ஃபங்ஷன்கள் எல்லாம் இன்டரப்டை மூடியபடியே திரும்ப வேண்டும் என்று ஒரே விதியாக்கியதும் அங்கே குறிக்கும் வேலை மிகவும் எளிதாகிவிட்டது.


#15 விசைமணி

இவ்ளோ கவனம் தேவைப்படுதுன்னா, ரிலீஸ் வரைக்கும் செக்கர் எச்சரிக்கையைக் கண்டுக்காம விட்டா என்ன? சிஸ்டம் ஓடத்தானே செய்யுது.


#16 தாமரைச்செல்வி

ஓடும், ஆனால் காவல் இல்லாமல். கயல்மாறன் போட்ட பதிவின் கடைசி வரியைப் பாருங்கள்: "செக்கர் நிறுத்தப்பட்டது". லாக்டெப்பும் இப்படித்தான். முதல் எச்சரிக்கையோடு தன்னை அணைத்துக்கொள்ளும், ஏனென்றால் அதன்பின் அதன் தரவை நம்ப முடியாது. பூட் ஆன சில நொடியில் ஒரு பொய் எச்சரிக்கை வந்தால், அதற்குப் பிறகு இரவு முழுக்க ஓடும் டெஸ்ட் எல்லாம் செக்கர் இல்லாமலே ஓடுகிறது. பச்சை விளக்கு எரியும். லினக்ஸில் லாக்டெப் புள்ளிவிவர ஃபைலின் கடைசிப் பக்கம் "டீபக்_லாக்ஸ்" என்று ஒரு வரி இருக்கும். டெஸ்ட் முடிந்ததும் அது 1 (செக்கர் இன்னும் அணையவில்லை) என்று இருக்கிறதா என்று பார்க்காமல் முடிவை நம்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிழையின் திசையும் முக்கியம். கணக்கு பொய்யாக "திறந்தது" என்று நின்றால், தேவையில்லாமல் எச்சரிக்கும், எரிச்சலோடு போகும். பொய்யாக "மூடியது" என்று நின்றால், ஆபத்தாக எடுக்கப்படும் லாக்குகளைப் பத்திரமானவை என்று எழுதிக்கொண்டே போகும். கயல்மாறனுக்கு வந்திருப்பது இரண்டாவது வகை. ஹார்டுவேரோடு ஒப்பிடும் சரிபார்ப்பு இயங்கியதால்தான் தெரிந்தது. அது இல்லாமல் கட்டியிருந்தால் ஒரு சத்தமும் வந்திருக்காது.


#17 கயல்மாறன்

மேக்ரோவை எட்ஜ் முறைக்கு மாற்றி, கணக்கைப் பெர்-சிபியுவுக்குக் கொண்டுபோய், என்எம்ஐ மற்றும் ப்ரேக்பாயின்ட் பாதையில் சேமித்து மீட்கும்படி செய்தாயிற்று. அதே விர்ச்சுவல் மெஷின், அதே பாரம், எச்சரிக்கை வரவில்லை. செக்கர் கடைசிவரை உயிரோடு இருக்கிறதா என்று டெஸ்ட் முடிவில் பார்க்கும் படியையும் சேர்த்துவிட்டோம், இல்லையென்றால் டெஸ்ட் தோல்வி.

போட்டி நேர்வதற்காகக் காத்திருக்காமல் பூட் ஆகும்போதே ஓடும் சிறு சோதனையும் எழுதினோம்: ரா சேவ், சாதா சேவ், சாதா ரீஸ்டோர், ரா ரீஸ்டோர், பிறகு கணக்கும் ஹார்டுவேரும் ஒன்றா என்று பார். பழைய மேக்ரோவில் உடனே விழுகிறது, புதியதில் தாண்டுகிறது. அதே நான்கு படிக்கு நடுவில் ஒரு ப்ரேக்பாயின்டை வைத்து இன்னொன்றும் எழுதினோம். இளவெயினி சொன்னதை அது பிடித்தது.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. செக்கர் அணையாமல் ஓடுவதால் பாரத்தின் பிற்பகுதியில், பிளாக் டிரைவரின் வரிசை லாக்குக்கு எச்சரிக்கை: ஹேண்ட்லருக்குள் எடுக்கப்பட்டது, டைம்அவுட் பாதையில் இன்டரப்ட் திறந்த நிலையிலும் எடுக்கப்பட்டது. இதுவும் கணக்குப் பிழையா, நிஜமா என்று எப்படிப் பிரிப்பது?


#18 தாமரைச்செல்வி

எச்சரிக்கையில் உள்ள இரண்டு அழைப்பு வரிசைகளையும் பாருங்கள். டைம்அவுட் பாதையில் லாக் எடுக்கும் வரியில் ஹார்டுவேர் ஃப்ளாகை நேரடியாகப் படித்து அச்சிடுங்கள். கணக்கும் ஹார்டுவேரும் இரண்டும் "திறந்தது" என்றால் செக்கரைச் சந்தேகிக்க இடமில்லை. அதற்குமேல் ஒரே ஒரு கேள்விதான்: அந்த ஹேண்ட்லர் அந்த சிபியுவில் அந்த நேரத்தில் வர முடியுமா? டிவைஸின் இன்டரப்டை அதற்கு முன்பே கன்ட்ரோலரில் அணைத்திருந்தால் வராது. அப்படி அணைக்கவில்லை என்றால் இது நிஜ டெட்லாக்.


#19 கயல்மாறன்

அச்சிட்டுப் பார்த்தேன், இரண்டும் "திறந்தது". டைம்அவுட் பாதை டிவைஸ் இன்டரப்டை அணைக்கவே இல்லை. அங்கே வெறும் ஸ்பின்_லாக் இருந்ததை சேவ் வகைக்கு மாற்றி பேட்ச் போடுகிறேன். செக்கர் பேட்ச் தனி, டிரைவர் பேட்ச் தனி.


#20 இளவெயினி

டிரைவர் பேட்சின் விளக்கத்தில் அந்த எச்சரிக்கைப் பதிவை முழுசாகப் போடுங்கள், நிகழ்வு எண்களோடு. பின்னால் வருபவர் யாராவது "இங்கே எதற்கு சேவ்" என்று எடுத்துவிடாமல் இருக்கும். பெர்-சிபியு பேட்சை ஆர்ம்64 எமுலேட்டரில் நான் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன், போலி என்எம்ஐ இயக்கியும் இயக்காமலும்.